தெருவுக்கு அடியில் என்ன ஓடுகிறது? வாசகர் கேள்வி – பதில்

ஊரின் குடிநீர், பாதாளச் சாக்கடைக் குழாய்களை வரைபடமாக்கும் வேலையைப் பற்றிக் கேட்டு வந்த கடிதங்களுக்கு, அந்த வேலையில் பதினாறு வருடமாக இருப்பவர் பதில் சொல்கிறார்.

டிப்ளமோ சிவில் முடித்திருக்கிறேன். நகராட்சி குடிநீர்ப் பிரிவில் ஜிஐஎஸ் (கணினி வரைபட) டெக்னீஷியன் வேலைக்கு ஒப்பந்த நிறுவனம் மூலமாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். "கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கோடு போடுவதற்கா படித்தாய்?" என்கிறார் அப்பா. நாள் முழுக்க என்ன செய்யவேண்டியிருக்கும்?
– வாசகர், விழுப்புரம்

தம்பி, கோடு போடுவது உண்டுதான். ஆனால் அந்தக் கோட்டுக்கான தகவல் தெருவிலிருந்துதான் வரவேண்டும், அதைக் கொண்டுவருவதுதான் பாதி வேலை. வண்டி நடமாட்டம் கூடுவதற்குள் போய்விடுவோம். கடப்பாரை போட்டு மேன்ஹோல் மூடியை நகர்த்தி, கொஞ்ச நேரம் காற்றாட விட்டு, மேலே நின்றபடியே ஸ்டாஃபை, அதாவது அளவு குறித்த நீளக் கோலை, இறக்கி ஆழம் பார்க்கவேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து எத்தனை குழாய் வந்து சேருகிறது, என்ன விட்டம், ஸ்டோன்வேரா (சுட்ட களிமண் குழாய்) பிவிசியா என்று எழுதிக்கொள்ளவேண்டும். டிஜிபிஎஸ் என்ற துல்லியமான ஜிபிஎஸ் கருவி அந்த இடத்தைப் பதிவு செய்யும், மூடியின் மட்டத்தை, அதாவது உயரத்தை, லெவல் கருவி வைத்து எடுப்போம்.

மதியம் ஆபீஸில் இதையெல்லாம் ஏற்றும்போதுதான் மண்டையைப் போட்டு உடைக்கவேண்டிய வேலை. போன மாதம் வந்த ஒரு கணக்கைச் சொல்கிறேன். முதல் குழியின் மூடி மட்டம் 12.40 மீட்டர், ஆழம் 2.15, அப்படியென்றால் குழாயின் அடிமட்டம் 10.25. அடுத்த குழியின் மூடி 12.28, ஆழம் 1.85, அடிமட்டம் 10.43. முதல் குழியிலிருந்து இரண்டாவதற்குச் சாக்கடை போகிறது என்று படத்தில் அம்புக்குறி இருக்கிறது, ஆனால் அடிமட்டம் 18 சென்டிமீட்டர் ஏறுகிறது. தண்ணீர் மேட்டில் ஏறாதே! ஒன்று, ஆழம் எடுத்ததில் தவறு, அல்லது அம்பு திரும்பிக் கிடக்கிறது, இல்லையென்றால் குழாய் போட்டவர்களே வாட்டம் கொடுக்காமல் போட்டிருக்கிறார்கள். மறுநாள் திரும்பப் போய்ப் பார்த்தோம். இரண்டாவது குழியின் அடியில் மண் கெட்டியாகப் படிந்திருந்தது, ஸ்டாஃப் அதன்மேல்தான் நின்றிருக்கிறது. மண்ணை அள்ளிய பிறகு எடுத்தால் ஆழம் 2.20 வந்தது, கணக்கும் சரியாகிவிட்டது.

ஒரு தெருவில் குடிநீரில் சாக்கடை வாசம் அடிக்கிறது என்று புகார் வந்தால், குடிநீர்க் குழாய் எந்த இடத்தில் சாக்கடைக் குழாயைக் கடக்கிறது, எந்த வால்வை அடைக்கலாம், அடைத்தால் எத்தனை வீட்டுக்குத் தண்ணீர் நிற்கும் என்று இன்ஜினியர் முதலில் பார்ப்பது உங்கள் படத்தைத்தான். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

என் மகனுக்கு இந்த வேலை கிடைத்திருக்கிறது. சாக்கடைக் குழிக்குள் இறங்கச் சொல்வார்களோ என்று ராத்திரி தூக்கமே வரவில்லை.
– ஒரு அம்மா, தஞ்சாவூர்

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. இந்த வேலையில் குழிக்குள் இறங்கவேண்டிய அவசியமே கிடையாது, எல்லா அளவையும் மேலிருந்தே எடுக்கலாம். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை மாதிரி நாறும், அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, அதனால்தான் "நாற்றம் இல்லையே, இறங்கலாம்" என்று நினைத்தவர்கள் செத்திருக்கிறார்கள். பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்கிச் சாக்கடையைச் சுத்தம் செய்ய வைப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அளவெடுக்கப் போன பையனை யாராவது "ஒரு நிமிஷம் இறங்கிப் பாரு" என்றால் முடியாது என்று சொல்லிவிட்டு வரச் சொல்லுங்கள், யார் சொன்னாலும் சரி.

கருவியில் எடுத்த புள்ளிகளில் ஊரின் கிழக்குப் பக்கம் உள்ளவை மட்டும் அரபிக் கடலில், லட்சத்தீவைத் தாண்டிப் போய் விழுகின்றன. கருவி பழுதா?
– வாசகர், திண்டுக்கல்

கருவி நன்றாகத்தான் இருக்கிறது. பூமியைப் பட்டை பட்டையாகப் பிரித்து இடத்தை மீட்டரில் சொல்லும் யுடிஎம் முறையில் 78 டிகிரி தீர்க்கரேகைக்கு மேற்கே இருப்பது 43-ஆம் மண்டலம், கிழக்கே 44. அந்தக் கோடு உங்கள் ஊரை ஒட்டியே போகிறது. கோயம்புத்தூர்க்காரருக்கும் சென்னைக்காரருக்கும் இந்தத் தலைவலி வராது, உங்களுக்கு வரும். கோட்டைத் தாண்டியதும் கருவி தானாக 44-க்கு மாறியிருக்கிறது, நீங்கள் எல்லாவற்றையும் 43 என்று ஏற்றியிருக்கிறீர்கள். கிழக்கு எண்ணை, அதாவது கிழக்கு மேற்காக இடத்தைச் சொல்லும் மீட்டர் கணக்கைப் பாருங்கள், ஊருக்குள் எடுத்தவை 8,26,000 பக்கமும் தவறி விழுந்தவை 1,71,000 பக்கமும் இருக்கும். பின்னதைத் தனியாகப் பிரித்து 44 என்று அடையாளம் கொடுத்து, அப்புறம் 43-க்கு மாற்றுங்கள். ஊர் முழுவதற்கும் 43 என்றே வைத்துக்கொள்ளலாம், எல்லையை ஒரு சில கிலோமீட்டர் தாண்டுவதால் ஒன்றும் கெட்டுவிடாது.

எந்த சாஃப்ட்வேர் கற்றுக்கொள்வது? வேலை நிரந்தரம் ஆகுமா?
– வாசகி, திருநெல்வேலி

கியூஜிஐஎஸ் இலவசம், அதில் ஆரம்பியுங்கள். டேராடூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையத்தில் இலவச வகுப்புகள் நடத்துகிறது, அதையும் விடாதீர்கள். ஷேப்ஃபைல் என்ற கோப்பு வகையில் தமிழ்த் தெருப் பெயர்கள் பல நேரம் கேள்விக்குறிகளாக மாறிவிடும், அட்டவணைத் தலைப்புகளும் பத்து எழுத்தோடு நின்றுவிடும், அதனால் ஜியோபேக்கேஜ் என்ற வகையில் சேமியுங்கள். நிரந்தரத்தைப் பொறுத்தவரை, பெரும்பாலும் ஒப்பந்தம்தான், அதை நம்பி வீட்டுக் கடன் வாங்காதீர்கள். கற்றுக்கொண்டது மின்சாரம், எரிவாயு, தொலைத்தொடர்பு என்று எங்கேயும் செல்லும்.

பழைய வரைபடம் ஒன்று சொல்கிறது, எங்கள் வால்வுமேன் (தண்ணீர் திறந்துவிடுபவர்) வேறு சொல்கிறார். யாரை நம்புவது? அவர் வரும் மார்ச்சில் ஓய்வு பெறுகிறார்.
– வாசகர், கடலூர்

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஒரு ஊரில், பழைய ஆஸ்-பில்ட் படத்தை, அதாவது குழாய் போட்டு முடித்ததும் வரைந்து வைப்பதைப் பார்த்து ஒரு தெருவின் கிழக்கு ஓரமாக மெயின் குழாயை வரைந்தேன். நேரில் போய்ப் பார்க்கவில்லை. அந்தப் படத்தை நம்பி மேற்கு ஓரத்தில் கேபிளுக்குத் தோண்டினார்கள், ஜேசிபியின் பல் நேராகக் குழாயில் இறங்கியது. நான் போய்ச் சேர்ந்தபோது தெரு முழுக்கச் சேறு, ஒரு பாட்டி இரண்டு காலிக் குடத்தோடு திண்ணையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் தண்ணீர் இல்லை. குழாய் போடும்போதே ஏதோ பாறை குறுக்கிட்டு மேற்கே மாற்றிவிட்டார்கள் என்பது வால்வுமேனுக்குத் தெரியும். நான் அவரைக் கேட்கவே இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு குழாய்க் கோட்டுக்கும் ஒரு கட்டம் கூடுதலாக வைக்கிறேன்: "எப்படித் தெரியும்?" அதில் நான்கே பதில்தான். தோண்டியபோது பார்த்தது, கருவியில் கண்டது, ஆள் சொன்னது, பழைய படத்தில் இருந்தது. கடைசி இரண்டையும் புள்ளிக்கோடாகத்தான் காட்டுவேன். கருவியையும் முழுசாக நம்பமுடியாது. சாதாரண பைப் லொகேட்டர் உலோகக் குழாயைத்தான் காட்டும், பிளாஸ்டிக் குழாயோடு சேர்த்துக் கம்பி புதைத்திருந்தால் ஒழிய அது கண்ணில் படாது. 2023 மார்ச்சில் 'கால் பிஃபோர் யூ டிக்' செயலி வந்தது, தோண்டுகிறவர் முன்கூட்டியே குழாய்க்காரருக்கும் கேபிள்காரருக்கும் தகவல் சொல்வதற்காக. நல்ல ஏற்பாடு, ஆனால் நாம் பதில் சொல்வது நம் படத்தைப் பார்த்துத்தானே, அதில் புள்ளிக்கோட்டை முழுக்கோடாகப் போட்டிருந்தால் என்ன ஆகும்?

அதனால் மார்ச் வரை காத்திருக்காதீர்கள், இந்த வாரமே அவரை வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போங்கள். அவர் முறை தண்ணீர் திறந்துவிட்டு வந்த பிறகு போனால் நிதானமாகப் பேசுவார். "வால்வு எங்கே அண்ணே?" என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த வால்வு தாரில் புதைந்துபோனது, எதை மூட எத்தனை சுற்று, எது திரும்பாமல் நின்றுபோனது, எங்கே அடிக்கடி உடைகிறது, இதையெல்லாம் கேளுங்கள். அவர் கால் வைத்துக் காட்டும் இடத்தில் பெயிண்ட் அடித்து, பக்கத்துச் சுவரும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் "ஆள் சொன்னது" என்றே போடுங்கள், அவர் பெயரையும் சேர்த்து. என்றைக்காவது அங்கே பள்ளம் தோண்டும்போது போய் எட்டிப் பார்த்துவிட்டு முழுக்கோடாக மாற்றிக்கொள்ளலாம்.