காது மெஷின் எங்கே?

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது. மறதி நோயின் ஆரம்பம் என்கிறார் டாக்டர். ஞாபகத்தையும் யோசிக்கும் திறனையும் சோதிக்கும் மோக்கா டெஸ்ட்டில் 30-க்கு 21. முழங்கால் மாற்று ஆபரேஷன் வேண்டாம் என்று அடம்பிடிக்கிறார். ‘மயக்க மருந்து கொடுத்தா இருக்கிற புத்தியும் போயிடும்’ என்று உளறுகிறார். அவருக்குப் பதிலாக நானும் அண்ணனும் கையெழுத்துப் போடலாமா? (டெஸ்ட் அன்று அவசரத்தில் காது மெஷினை வீட்டிலேயே விட்டுவிட்டோம். கத்திக் கத்தியே எங்களுக்குத் தொண்டை போய்விட்டது.)

பதில்: அந்த அடைப்புக்குறியை நான் நாலு தடவை படித்தேன். காது கேட்காத மனிதரை உட்காரவைத்து, ஐந்து வார்த்தைகளைச் சொல்லி, சில நிமிஷம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். எண்களை வாசித்து, கடைசியிலிருந்து சொல்லுங்கள் என்றிருக்கிறார்கள். காதில் விழாத வார்த்தை எப்படி ஞாபகத்தில் நிற்கும்? 26-க்குக் கீழே வந்தால் சந்தேகப்பட வேண்டும் என்பது கணக்கு. சரி, உங்கள் அப்பா இழந்த ஒன்பதில் மறதிக்கு எத்தனை, வீட்டு மேசையில் கிடந்த மெஷினுக்கு எத்தனை? உங்கள் தொண்டை போனது மட்டும்தான் உங்களுக்கு நினைவிருக்கிறது.

மறதி நிஜம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த மார்க்கை வைத்து அவர் கையிலிருந்து பேனாவைப் பிடுங்க முடியாது. முடிவெடுக்கும் தகுதியை ஒவ்வொரு முடிவுக்கும் தனியாகத்தான் பார்க்க வேண்டும். சிக்கலான சொத்துப் பத்திரம் புரியாதவருக்குத் தன் முழங்காலைப் பற்றி நன்றாகவே புரியலாம். சொன்னது புரிகிறதா, அது தனக்கு நடக்கப்போவது என்று உணர்கிறாரா, சாதக பாதகங்களை எடைபோடுகிறாரா, முடிவைத் தெரிவிக்கிறாரா, இதைத்தான் டாக்டர் பார்ப்பார். ஐ.நா.வின் 2006-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, 12-ஆவது பிரிவில், இப்படிப்பட்டவர்கள் முடிவெடுக்க உதவி செய்யச் சொல்கிறது. காது மெஷினை மாட்டிவிடுவதும் அந்த உதவிதான்.

அப்புறம் அந்த ‘உளறல்’. மறதி தொடங்கியவர்களுக்குப் பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு டெலிரியம் என்கிற மனக்குழப்பம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். மயக்க மருந்து டாக்டரைக் கேளுங்கள், ஒப்புக்கொள்வார். படித்த பிள்ளைகள் இரண்டு பேருக்கும் தோன்றாத கேள்வி அவருக்குத் தோன்றியிருக்கிறது!

பெற்றவர் தளரும்போது பிள்ளை அவருக்குக் காதாக இருக்க வேண்டும், கண்ணாக இருக்க வேண்டும், கைத்தடியாக இருக்க வேண்டும். கையெழுத்தெல்லாம் கடைசியில். நீங்கள் அங்கேயிருந்து ஆரம்பித்திருக்கிறீர்கள்.

டெஸ்ட்டை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள், அவர் களைப்பில்லாமல் இருக்கும் நேரமாகப் பார்த்து. ஆபரேஷன் பேச்சை டாக்டர் அவர் முகத்தைப் பார்த்துப் பேசட்டும். நீங்களும் அண்ணனும் பின்னால் உட்காருங்கள், வாயைத் திறக்காமல். எல்லாம் கேட்ட பிறகும் ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம்தான். நாளைக்கு நிஜமாகவே முடியாமல் போனால் தன் சார்பில் யார் பேச வேண்டும் என்பதையும் இப்போதே அவரிடம் கேட்டு, வக்கீலை வைத்து முறையாக எழுதி வாங்குங்கள். உங்கள் பெயரைச் சொல்லாமலும் போகலாம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.

மெஷினுக்குப் புது பேட்டரி முந்தின நாளே போட்டுவிடுங்கள்.