இரண்டு நியூட்ரான்கள் தனியாக ஒட்டாது என்றால், லித்தியம்-11இல் (3 புரோட்டான், 8 நியூட்ரான் கொண்ட அணுக்கரு) மட்டும் எப்படி ஜோடி சேர்கின்றன?

மாட்டுங்காவில் என்னிடம் பிளஸ் டூ இயற்பியல் படிக்கும் பெண்ணும் இதையேதான் கேட்டாள். நல்ல கேள்வி.

வெறும் இரண்டு நியூட்ரான்களை விட்டால் ஒட்டாது. அவற்றுக்கு இடையிலான அணுக்கரு விசையின் ஈர்ப்பு மயிரிழையில் போதாமல் போகிறது. அணுக்கருவின் இழுப்பும் கூடச் சேர்ந்தால், எதிரெதிர் தற்சுழற்சியுடன் (ஸ்பின்) ஜோடியாகிவிடும். லித்தியம்-11இல் நடுவே லித்தியம்-9. மீதி இரண்டு நியூட்ரான்களும் அதைச் சுற்றி மெல்லிய புகைபோல வெகுதூரம் படர்ந்திருக்கின்றன. 1985இல் ஜப்பானிய இயற்பியலாளர் தனிஹாட்டாவின் குழுவினர் அளந்தபோது லித்தியம்-11 எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது.

சரி, ஒரு நியூட்ரானை மட்டும் எடுத்தால்? முக்காலியில் ஒரு கால் போன கதைதான். மிஞ்சும் லித்தியம்-10 நிற்காது, அடுத்ததும் உடனே உதிரும். இரண்டையும் சேர்த்துப் பிரிக்கவே சுமார் 0.37 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் போதும். சாதாரணக் கருவில் ஒரு நியூட்ரானுக்கே சுமார் 8 மெகா எலக்ட்ரான் வோல்ட் வேண்டும்!