ஐரோப்பாவில் அளவுக்கு மீறிக் கொண்டாடப்படும் நகரம் எது? யாரும் கண்டுகொள்ளாத நல்ல நகரம் எது?

முதலாவதுக்கு வெனிஸ், இரண்டாவதுக்கு திரியெஸ்தே. இரண்டும் இத்தாலியில்தான், ஒரே ஏட்ரியாட்டிக் கடலோரத்தில்தான் இருக்கின்றன. நடுவே ரயிலில் இரண்டு மணி நேரம்.

வெனிஸ் அழகில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் படிக்கட்டுக்கு எதிரிலேயே பெரிய கால்வாய். அந்த முதல் ஐந்து நிமிடம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. ஆனால் காலை பத்து மணி தாண்டிவிட்டால் ரியால்டோ பாலத்திலிருந்து புனித மார்க் சதுக்கம் வரையுள்ள சந்துகளில் நம் விருப்பத்துக்கு நடக்க முடியாது, கூட்டம் தள்ளுகிற பக்கம் போக வேண்டியதுதான். படகுப் பேருந்தில் 75 நிமிடச் சீட்டுக்கு 9.50 யூரோ. சதுக்கத்தில் உட்கார்ந்து இரண்டு காப்பி குடித்தோம், பில்லில் வாத்திய இசைக்கென்று தனியாக ஒரு தொகை போட்டிருந்தார்கள். இவையெல்லாம் பெரிய சுற்றுலாத் தலத்தில் நடப்பவைதான்.

என்னை உறுத்தியது வேறு. ரியால்டோவுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையின் கண்ணாடிச் சன்னலுக்குள் சின்ன மின்பலகை ஒன்று இருக்கிறது. அதில் ஓர் எண் மட்டும்தான். பழைய வெனிஸ் நகருக்குள் குடியிருப்பவர்கள் இன்றைக்கு எத்தனை பேர் என்ற கணக்கு அது. 2008-லிருந்து வைத்திருக்கிறார்கள். நான் பார்த்தபோது ஐம்பதாயிரத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. 1951-ல் ஏறத்தாழ ஒன்றே முக்கால் லட்சம் பேர் வாழ்ந்த இடம். வீடுகளெல்லாம் நாள் வாடகை அறைகளாகிவிட்டன, வாடகை ஏறிக்கொண்டே போகிறது, சொந்த ஊர்க்காரர்கள் தரைப்பக்கம் மெஸ்த்ரேவுக்குக் குடிபோய்விட்டார்கள். 2024 முதல், கூட்டம் மிகும் நாட்களில் பகலில் வந்து போகிறவர்களிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணமும் வாங்கத் தொடங்கினார்கள். அந்த மின்பலகை முன்னால் நின்ற பிறகு எனக்கு அங்கே படம் எடுக்க மனம் வரவில்லை.

திரியெஸ்தேயில் இரண்டு லட்சம் பேர் இன்னும் குடியிருக்கிறார்கள். எனக்கு அந்த ஊர் பிடித்ததற்கு முதல் காரணமே அதுதான்.

அந்த ஊரின் நடுச் சதுக்கத்துக்கு மூன்று பக்கம்தான் கட்டடங்கள், நான்காவது பக்கம் கடல். கட்டடங்களைப் பார்த்தால் இத்தாலி மாதிரியே இருக்காது, வியன்னா மாதிரி இருக்கும். 1382-லிருந்து முதல் உலகப் போர் முடியும் வரை அது ஆஸ்திரியாவின் கையில் இருந்த ஊர். 1719-ல் பேரரசர் ஆறாம் சார்லஸ் அதை வரியில்லாத் துறைமுகமாக அறிவித்தார். அப்புறம் கிரேக்கர், செர்பியர், யூதர் என்று வணிகர்கள் வந்து குவிந்தார்கள். அவர்கள் கட்டியவை இன்றும் ஊருக்குள் இருக்கின்றன. கால்வாய்க்கரையில் நீலக் குவிமாடங்களோடு செர்பிய தேவாலயம், கடலைப் பார்த்தபடி கிரேக்க தேவாலயம், சற்றுத் தள்ளி 1912-ல் திறந்த பிரம்மாண்டமான யூத ஆலயம். எல்லாவற்றையும் அரை மணி நேர நடையில் பார்த்துவிடலாம்.

இவ்வளவு இருந்தும் ஏன் யாரும் போவதில்லை? 1918-க்குப் பிறகு ஊர் இத்தாலிக்குப் போனது. அந்தத் துறைமுகத்தை நம்பியிருந்த ஆஸ்திரியப் பேரரசே இல்லாமல் போய்விட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1947 முதல் 1954 வரை எந்த நாட்டோடும் சேராத தனிப் பகுதியாக வைத்திருந்தார்கள். இப்போது இத்தாலியின் ஒரு மூலையில், ஸ்லோவேனிய எல்லைக்குச் சில கிலோமீட்டர் முன்னால் ஒதுங்கிக் கிடக்கிறது. ரோம், ஃப்ளோரன்ஸ், வெனிஸ் என்று போகிற சுற்றுலா வண்டி அங்கே திரும்புவதே இல்லை.

காப்பிப் பிரியர்களுக்கு இன்னொன்று. இத்தாலிக்குக் காப்பிக்கொட்டை வந்திறங்கும் முக்கியத் துறைமுகம் இது. 'இல்லி' என்ற காப்பி நிறுவனம் 1933-ல் தொடங்கியதும் இங்கேதான். காப்பிக்கு இந்த ஊருக்கென்றே தனிப் பேச்சு உண்டு. எஸ்பிரெஸோவை 'நேரோ' என்பார்கள். கொஞ்சம் பால் விட்டால் 'காப்போ'. அதையே சின்னக் கண்ணாடிக் கிளாஸில் வேண்டுமென்றால் 'காப்போ இன் பி'. முதல் நாள் நான் வேறு ஊர் பழக்கத்தில் கேட்டேன், கொண்டுவந்து வைத்தது நான் நினைத்தது இல்லை. கல்லாவில் இருந்த அம்மா பொறுமையாக ஒவ்வொரு கிளாஸாக எடுத்துக் காட்டிப் பெயர் சொல்லிக்கொடுத்தார். மறுநாள் காலை நான் உள்ளே நுழைந்ததுமே 'காப்போ இன் பி' என்று அவரே குரல் கொடுத்தார். வெனிஸில் மூன்று நாள் இருந்தும் எனக்கு அப்படி ஒன்று நடக்கவில்லை.

குறையும் உண்டு. குளிர்காலத்தில் ஊருக்குப் பின்னாலுள்ள கார்ஸ்ட் என்ற சுண்ணாம்புக்கல் மேட்டிலிருந்து 'போரா' என்ற காற்று இறங்கும், சில நாள் 100 கிலோமீட்டர் வேகத்தையும் தாண்டும். அந்த நாட்களில் பிடித்து நடக்கத் தெருவோரம் கயிறு கட்டுவார்களாம். அதனால் மே, செப்டம்பர் போல் போவது நல்லது. சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது, 'யோத்தா' என்ற பீன்ஸ், புளித்த முட்டைக்கோஸ் சூப்பில் பெரும்பாலும் பன்றி இறைச்சி சேர்ப்பார்கள். கேட்டு வாங்குங்கள்.

பெல்ஜியத்தில் இதே கதைதான் புரூஜுக்கும் கெண்ட்டுக்கும். புரூஜில் ஸ்வின் கடற்கழி தூர்ந்து வணிகம் போனதால் பழைய ஊர் அப்படியே நின்றுவிட்டது. பார்க்க அழகு, ஆனால் மாலை ஆறு மணிக்கு மேல் தெருவில் ஆள் இல்லை. அரை மணி ரயிலில் இருக்கிற கெண்ட்டில் அந்த நேரத்தில்தான் மாணவர்கள் ஆற்றங்கரைக் கல்லில் வரிசையாக உட்காருவார்கள். ஹூபர்ட் வான் ஐக் தொடங்கி, அவர் இறந்த பிறகு தம்பி யான் வான் ஐக் 1432-ல் முடித்த பலிபீட ஓவியமும் அங்கேதான் இருக்கிறது. அதற்காக மட்டுமே ஒரு நாள் ஒதுக்கலாம்.

பாரிஸையும் பலர் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஈஃபில் கோபுரத்திலிருந்து நான்கு தெரு தள்ளிப் போனால் அங்கே பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிறார்கள், ரொட்டிக் கடையில் அந்தத் தெருக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

வெனிஸுக்கே போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஓர் இரவு தங்குங்கள், பகல் கூட்டம் கிளம்பிய பிறகு நகரின் கிழக்கே உள்ள காஸ்தெல்லோ பகுதியில் நடந்து பாருங்கள். மறுநாள் காலை திரியெஸ்தே ரயிலில் வலது பக்கம் சன்னலோரமாக இடம் பிடியுங்கள். மொன்ஃபால்கோனே நிலையம் தாண்டியதும் தண்டவாளம் பாறை விளிம்புக்கு வரும், கீழே கடல் தெரியும்.