மே மாதம் வந்தால் வளையல் அடகுக்குப் போகிறது

கேள்வி: சென்னையில் ஒரு தனியார் கல்லூரியின் மாலை நேர சுயநிதிப் பிரிவில் ஏழு ஆண்டுகளாகத் தமிழ்ப் பாடம் நடத்துகிறேன். 12,000 ரூபாயில் சேர்ந்தேன். இப்போது தொகுப்பூதியம் 18,000. வருமான வரி என்று 1,800 பிடித்துக்கொண்டு 16,200 தருகிறார்கள். மே மாதம் சம்பளம் கிடையாது. ஒவ்வொரு மே மாதமும் வளையலை அடகு வைக்கிறேன். மீட்பதற்குள் தீபாவளி வந்துவிடுகிறது. மாதம் 1,000 ரூபாய் போட்டு இதிலிருந்து மீள நல்ல முதலீடு எது?
- வாசகி, தாம்பரம்

பதில்: முதலீட்டைப் பிறகு பேசலாம், சகோதரி. நீங்கள் அனுப்பிய சம்பள வவுச்சரின் படத்தைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் உங்கள் கையெழுத்து. அதற்குச் சற்று மேலே, 'தொழில்முறைக் கட்டணம்' என்று யாரோ பச்சை மையில் எழுதியிருக்கிறார்கள். சிக்கலின் வேர் அந்த இரண்டு சொற்களில் இருக்கிறது.

ஆடிட்டருக்கும் வழக்கறிஞருக்கும் தரும் கட்டணத்தில் பிடிப்பதைப் போல உங்களிடம் 10 சதவீதம் பிடிக்கிறார்கள். 11 மாதத்துக்கு 19,800 ரூபாய். உங்கள் ஆண்டு ஊதியமோ 1,98,000. வேறு வருமானம் இல்லையென்றால் இது வரி வரம்பையே எட்டவில்லை. பிடித்த பணம் முழுவதும் உங்களுடையது. கணக்குத் தாக்கல் செய்தால் உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். முதலில் வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து, பிடித்த தொகையைக் கல்லூரி உண்மையில் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கெடு தாண்டிய பழைய ஆண்டுகளுக்கு, தாமதத்தை மன்னிக்கக் கோரித் துறையிடம் தனியே விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பீட்டு ஆண்டு (சம்பளம் வாங்கிய நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்த பிறகும் ஐந்து ஆண்டுகள் வரை அதற்கு வழி இருக்கிறது. இதை ஓர் ஆடிட்டர் மூலம் செய்வதே நல்லது.

அடுத்தது இதைவிடப் பெரியது. கல்லூரி போடும் அட்டவணைப்படி வருகிறீர்கள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுகிறீர்கள், தேர்வு அறையில் கண்காணிப்புக்கு நிற்கிறீர்கள், கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும் நாட்களில் இரவு ஒன்பது மணி வரை கோப்பு அடுக்குகிறீர்கள் என்று கடிதத்தின் பின்பகுதியில் எழுதியிருக்கிறீர்கள். இவை ஊழியர் செய்யும் வேலைகள். 20 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் கல்லூரியில், 15,000 ரூபாய்க்குள் ஊதியத்துடன் சேர்ந்தவருக்கு வருங்கால வைப்பு நிதி கட்டியாக வேண்டும். நீங்கள் சேர்ந்தது 12,000 ரூபாயில். அன்றைக்கே கல்லூரியின் பங்காக மாதம் 1,440 ரூபாய் உங்கள் பெயரில் சேரத் தொடங்கியிருக்க வேண்டும். வவுச்சரில் 'கட்டணம்' என்று எழுதிவிட்டால் சட்டம் மாறிவிடாது.

வேலையை விடும்போது தரும் பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) அப்படியே. 2009-இல் வந்த திருத்தம் ஆசிரியர்களையும் பணிக்கொடைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2022-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 18,000-ஐ 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, ஏழு ஆண்டுகளால் பெருக்குங்கள்: ஏறக்குறைய 72,690 ரூபாய். ஏப்ரலில் ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டு ஜூனில் புது உத்தரவு கொடுப்பது சில இடங்களில் வழக்கம். அப்படி எதிலும் கையெழுத்திடாதீர்கள். ஏற்கெனவே இட்டிருந்தால், ஒவ்வோர் ஆண்டின் நியமன உத்தரவையும் வவுச்சரையும் நகல் எடுத்து வீட்டில் வையுங்கள். பணி தொடர்ச்சியானது என்று காட்ட அவைதான் துணை.

கேட்டால் ஜூனில் கூப்பிடமாட்டார்களே என்ற பயம் உங்களுக்கு இருக்கும். அது நியாயமான பயம். ஆகவே தனியாகப் போய்க் கேட்காதீர்கள். இதே நிலையில் உள்ள சக ஆசிரியர்கள் எல்லோரும் கையெழுத்திட்டு ஒரே மனுவாகக் கொடுங்கள். பதில் வராவிட்டால் வைப்பு நிதி நிறுவனத்தின் இணையதளத்தில் புகார் செய்யலாம். ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் உள்ள அலுவலகத்துக்கு நேரிலும் போகலாம்; உங்கள் கல்லூரி எந்த அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது என்பதை அங்கே சொல்வார்கள்.

கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-இலேயே வகுத்திருக்கிறது. நீங்கள் வாரம் 16 வகுப்பு எடுக்கிறீர்கள். மாதம் 64 வகுப்புக்கு 18,000 என்றால், ஒரு வகுப்புக்கு 281 ரூபாய். விடைத்தாள் திருத்தும் நேரத்தையும் சேர்த்தால் இன்னும் குறையும். உங்கள் வீட்டில் பணம் பற்றாமல் போவது உங்கள் ஊதாரித்தனத்தால் அல்ல. உங்கள் கடிதத்தில் மூன்று இடங்களில் 'எனக்குச் சேமிக்கத் தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள்.

இனி உங்கள் 1,000 ரூபாய். அதை 1,350 ஆக்க முடியுமா என்று பாருங்கள். 16,200-இல் 1,350 போனால் செலவுக்கு 14,850. ஜூனில் தொடங்கி ஏப்ரல் வரை 11 தவணை வங்கித் தொடர் வைப்பில் போட்டால் மே மாதம் அதே 14,850 வட்டியோடு கையில் இருக்கும். சீட்டு வேண்டாம், பங்குச் சந்தையும் இப்போதைக்கு வேண்டாம். மே மாதப் பணம் மே மாதத்தில் முழுதாக இருக்க வேண்டும்.

வளையல் இப்போதும் அடகுக் கடையில்தான் இருக்கிறது என்றால், திரும்பி வரும் வரிப் பணத்தில் முதலில் அதை மீட்டுவிடுங்கள். அங்கே கட்டும் வட்டியை மிச்சப்படுத்துவதைவிட நல்ல முதலீடு இன்றைக்கு உங்களுக்கு வேறில்லை.