டீ குடித்த பிறகு நீட்டிய காசு

கேள்வி: நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டு பத்து ரூபாய் நாணயத்தை நீட்டினால், “இது ஓடாது அண்ணே” என்கிறார்கள். களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குள் போனால் பேசாமல் வாங்கிக்கொள்கிறார்கள். செல்லுமா, செல்லாதா? அமெரிக்காவில் டாலர் நாணயமும் இப்படித்தானாமே? (வாசகர், தக்கலை)

பதில்: செல்லும். ரூபாய்க் குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் 14 வடிவங்களும் நல்ல காசுதான் என்று 2018 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. 2011 நாணயச் சட்டப்படி ஒரே தடவையில் 1,000 ரூபாய் வரை நாணயமாகவே கொடுக்கலாம். ஆனால் டீக்கடைக்காரர் சட்டத்தையா பார்க்கிறார்? சாயங்காலம் பால்காரர் இதை வாங்குவாரா என்றுதான் பார்க்கிறார்.

அமெரிக்கக் கதை வேறு. இங்கே மாதிரி ‘இது கள்ளக்காசோ’ என்ற பயம் அங்கே இல்லை. 1979-இல் வந்த டாலர் நாணயம் கால் டாலர் காசு மாதிரியே இருந்து ஆளைக் குழப்பியது, 2000-இல் பொன்னிறத்தில் விட்டும் ஓடவில்லை, காகித டாலரையும் கையில் கொடுத்துவிட்டுக் காசைச் சுமக்கச் சொன்னால் யார் சுமப்பார்? அப்புறம், அங்கே ‘சட்டப்படி செல்லும்’ என்றால் கடனை அடைக்கச் செல்லும் என்று பொருள். கடைக்காரர் காசை வாங்கியே ஆகவேண்டும் என்று நாடு முழுவதற்குமான சட்டம் எதுவும் கிடையாது.

நீங்கள் டீயைக் குடித்த பிறகுதானே நீட்டினீர்கள்? அந்தக் கணக்கில் அதுவும் கடன்தான்!