அண்ணாச்சி பதில்கள்: வேலை பழக வர்ற பையன், எர்த் குழி, அடிக்கடி விழுற ஆர்சிசிபி

பாளையங்கோட்டையில் ரொம்ப வருசமாக ஒயரிங் வேலை எடுத்துச் செய்யும் அண்ணாச்சியிடம் சுத்துப்பட்டு ஊர்களிலிருந்து வந்த கேள்விகள்.

வள்ளியூர்: அண்ணாச்சி, 16 வயசுப் பையன், பத்தாவது பாஸ். அவங்க அப்பா கொண்டாந்து விட்டுட்டுப் போயிட்டாரு. கையாளா வச்சுக்கிடலாமா?

வேண்டாம் தம்பி. 18 முடியாத பையனை நான் கரண்ட் வேலைக்குச் சேர்க்கிறதே இல்ல. பேட்டை அரசு ஐடிஐயில எலக்ட்ரீசியன் படிப்பு ரெண்டு வருசம். அங்க சேர்க்கச் சொல்லுங்க. "சம்பாத்தியம் தள்ளிப் போகுதே"ம்பாரு அப்பா. நீங்களே உக்காந்து பொறுமையாப் பேசுங்க.

மேலப்பாளையம்: ஐடிஐ முடிச்ச பையன் ஒருத்தன் வந்திருக்கான். அப்ரண்டிஸ்னு பதியணுமா? முதல்ல என்ன சொல்லிக் குடுக்க?

1961 பழகுநர் சட்டத்துல 30 பேரும் அதுக்கு மேலயும் இருக்கிற இடத்துக்குத்தான் கட்டாயம். 4 முதல் 29 பேர்னா அவங்க விருப்பம். ரெண்டு மூணு பேரை வச்சு ஓட்டுற நாம அதுல வர மாட்டோம். அதுக்காக டீயும் பஸ் காசும் மட்டும் குடுத்து வேலை வாங்காதீங்க. மாசச் சம்பளம் பேசிக்கிடுங்க. ஷூ, டெஸ்டர், கட்டிங் பிளேயர் எல்லாம் உங்க செலவு.

முதல் மாசம் காடி வெட்டுறது, பைப் பதிக்கிறது, ஒயர் இழுக்கிறது. கரண்ட் இருக்கிற பெட்டியைத் தொடவிடக் கூடாது. அதுக்குப் பிறகு ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்க: டெஸ்டரை முதல்ல கரண்ட் இருக்கிற இடத்துல வச்சுப் பாரு, அப்புறம் வேலை செய்யப்போற ஒயர்ல பாரு, திரும்பவும் கரண்ட் இருக்கிற இடத்துல பாரு. மர ஏணி மேல நின்னா நியான் டெஸ்டர் சரியா எரியாது. அதை நம்பிக் கையை வச்சவன் உண்டு.

என் கூட இருந்த பையன் ஒருத்தனுக்கு உள்ளங்கை வெந்துபோச்சு. மெயினை நான்தான் ஆஃப் பண்ணினேன், நான்தான் "திற"ன்னு சொன்னேன். அந்த வீட்டுல இன்வெர்ட்டர் லைன் தனியா ஓடிக்கிட்டு இருந்ததை நான் பார்க்கல. தப்பு என்னுது. அன்னையிலிருந்து இன்வெர்ட்டரை அணைச்சு, மெயினையும் அணைச்சு, டிபி (சுவிட்ச் எல்லாம் இருக்கிற மெயின் பெட்டி) சாவியைப் பையன் சட்டைப் பையிலயே போட்டு வைக்கிறேன். அவன் இறங்கி வந்து சாவியைத் தந்தாத்தான் லைன் போடுவோம்.

அம்பாசமுத்திரம்: இன்வெர்ட்டர் வச்சதிலிருந்து ஆர்சிசிபி விழுந்துக்கிட்டே இருக்கு அண்ணாச்சி. அதைக் கழட்டிரலாம்னு ஒயர்மேன் சொல்லுதாரு.

கழட்ட விடாதீங்கம்மா. பேஸ்ல போற கரண்டும் நியூட்ரல்ல திரும்பி வர்ற கரண்டும் சமமா இருக்கான்னுதான் அது பார்க்குது. எங்கயாவது கரண்ட் கசிஞ்சு 30 மில்லியாம்ப் வித்தியாசம் வந்தா விழும், அதாவது தானே லைனை அணைச்சிரும். இன்வெர்ட்டர் லைனோட நியூட்ரலை மத்த நியூட்ரல்களோட சேர்த்து முறுக்கியிருப்பாரு. போன கரண்ட் வேற வழியில திரும்பினா அது விழத்தானே செய்யும்? நியூட்ரலைப் பிரிச்சுத் தனியா இழுக்கச் சொல்லுங்க. மழை பெய்யும்போது மட்டும் விழுந்தா மொட்டைமாடி லைட்டையும் வெளி பிளக்கையும் பாருங்க.

ராதாபுரம்: எங்க இடம் பாறை. எர்த் குழி தோண்டவே முடியல. குழாய்த் தண்ணி பைப்புல கட்டிரலாமா?

கூடவே கூடாது. இப்ப வர்றது பிவிசி பைப்பு. இரும்பாவே இருந்தாலும் குளிக்கிறவங்க மேல கரண்ட் பாயும். நியூட்ரலோடயும் கட்டாதீங்க. ஒரே குழிய ஆழமாத் தோண்ட முடியலன்னா மண் கிடைக்கிற ரெண்டு மூணு இடத்துல எலக்ட்ரோடு (எர்த் ராடு) இறக்கி ஒண்ணோட ஒண்ணு இணைங்க. ராடு எவ்வளவு நீளமோ அதைப்போல ரெண்டு மடங்கு இடைவெளி விடுங்க. கோடையில தண்ணி ஊத்தணும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. எர்த் தடை 100 ஓம்னா, கசிவு வரும்போது 230 வோல்ட்டுல எர்த் வழியா ஓடுறது 2.3 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபிக்கு (கரண்ட் அளவு மீறினா அணைஞ்சுக்கிற சுவிட்ச்) அது உறைக்கவே உறைக்காது. கிரைண்டர் பாடியில கரண்ட் நிக்கும், எம்சிபி பேசாம இருக்கும். 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி உடனே விழும். பாறைக் காட்டு வீட்டுக்கு அது இல்லாம லைன் குடுக்காதீங்க.

களக்காடு: எந்த ஒயர் எதுக்கு?

லைட், ஃபேனுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர். பவர் பிளக்குக்கு 2.5. ஏசி, கீசருக்கு 4. லைட் சர்க்யூட் ஒண்ணுல பத்துப் பாயிண்டுக்கு மேல வேண்டாம், 800 வாட்டைத் தாண்ட வேண்டாம். சுவிட்ச் எப்பவும் பேஸ்ல.

வண்ணாரப்பேட்டை: 2023 டிசம்பர் வெள்ளத்துல பிளக் மட்டம் வரைக்கும் தண்ணி நின்னது. காய்ஞ்சதும் அப்படியே ஓட்டிக்கிட்டு இருக்கோம்.

ஒரு நாள் ஒதுக்கி மெக்கர் (ஒயர்ல கரண்ட் கசியுதான்னு காட்டுற மீட்டர்) வச்சுப் பாருங்க. 500 வோல்ட்டுல 1 மெகாஓமுக்குக் கீழ காட்டுற லைனை மாத்துங்க. முங்கின பிளக்கு, எம்சிபி, ஆர்சிசிபி பார்க்க நல்லா இருந்தாலும் தூரப் போடுங்க. ஆத்து வண்டல் உள்ளே காய்ஞ்சு இருக்கும். புதுப் பிளக்கை வெள்ளக் கறைக்கு மேல ஏத்தி வைங்க.

சேரன்மகாதேவி: ஐடிஐ படிக்கல அண்ணாச்சி. வேலை மட்டும் ஏழு வருசமாத் தெரியும். 26 வயசு. எனக்கு சர்டிபிகேட்டே கிடைக்காதா?

கிடைக்கும் தம்பி. மின்கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வுன்னு அரசு நடத்துது. 5 வருச ஒயரிங் அனுபவம் கேப்பாங்க, 21 வயசு ஆகியிருக்கணும். பேட்டை ஐடிஐயில போய் விசாரி. அனுபவச் சான்று வேணும்னா உன்னை வேலைக்கு வச்சிருந்த காண்டிராக்டர்கிட்ட இப்பவே எழுதி வாங்கிக்கோ.