மாமி சூடு என்கிறார், ரிப்போர்ட் கிளமிடியா என்கிறது

கேள்வி: டாக்டர், எனக்கு 27 வயது. கணவர் கொச்சியிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர், கரைக்கு வந்தால் சில நாள்தான் வீட்டில் இருப்பார். கொஞ்ச மாதமாக மஞ்சளாக வெள்ளைப்படுகிறது, உறவுக்குப் பிறகு லேசாக ரத்தமும் வருகிறது. மாமி உடம்புச் சூடு என்று வெந்தயமும் இளநீரும் தந்தார். மெடிக்கலில் வாங்கிய மாத்திரையும் கேட்கவில்லை, இப்போது அடிவயிறும் வலிக்கிறது. நாகர்கோவிலில் டெஸ்ட் எடுத்ததில் கிளமிடியா என்று வந்திருக்கிறது. அவர் தப்பு செய்துவிட்டாரா? எனக்குக் குழந்தை பிறக்குமா?
– பெயர் வேண்டாம், தூத்தூர்

பதில்: குழந்தை பிறக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது அம்மா, முதலில் அந்தப் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். கிளமிடியா ஒரு பாக்டீரியா, ஆன்டிபயாடிக்கில் குணமாகிவிடும். சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆனால் அந்த அடிவயிற்று வலியைச் சும்மா விடக்கூடாது. தொற்று கர்ப்பப்பை வாயைத் தாண்டி கருக்குழாய் வரை ஏறினால் அங்கே புண்ணாகும், ஆறும்போது தழும்பு விழுந்து குழாய் அடைத்துக்கொள்ளும், அந்தத் தழும்பை எந்த மாத்திரையாலும் எடுக்க முடியாது. குழந்தை தங்காமல் போவது, கரு குழாயிலேயே தங்கிவிடுவது, தீராத இடுப்பு வலி எல்லாம் அதிலிருந்து வருவதுதான். அதனால் இந்த வாரமே ஒரு பெண் மருத்துவரிடம் உள்பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தொற்று கர்ப்பப்பை வாயோடு நின்றிருந்தால் வழக்கமாக டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், காலையும் இரவும் 7 நாள். மேலே ஏறியிருந்தால் வேறு மருந்தும் சேர்த்து 14 நாள் ஆகும். நாள் தள்ளிப்போயிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், கர்ப்பத்தில் மருந்து வேறு.

அவர் தப்பு செய்தாரா என்று கேட்கிறீர்கள். இது உறவின் மூலம்தான் பரவுகிறது, ஆனால் எப்போது, யாரிடமிருந்து வந்தது என்பதை இந்த ரிப்போர்ட்டை வைத்து யாராலும் சொல்ல முடியாது. பெண்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே இல்லாமல் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில்கூட உள்ளே இருக்கும், ஆண்களிலும் நிறையப் பேருக்கு அப்படித்தான், ஆகவே கல்யாணத்துக்கு முன்பே இருவரில் ஒருவரிடம் இருந்திருக்கலாம். சண்டைக்கு முன்னால் சிகிச்சை. நீங்கள் மட்டும் மாத்திரை போட்டு அவர் போடாவிட்டால் அடுத்த தடவை அவர் கரைக்கு வரும்போது திரும்பவும் தொற்றிவிடும். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு இருவரும் சேர்ந்தே போங்கள், எச்.ஐ.வி., சிபிலிஸ் டெஸ்டும் சேர்த்து எடுத்துவிடுங்கள். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் 1097 என்ற இலவச எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம்.

அவர் மாத்திரையைக் கடலுக்கு எடுத்துப் போவதாக இருந்தால் ஒன்று சொல்லிவிடுங்கள். டாக்சிசைக்ளின் போடும் நாட்களில் வெயில் பட்டால் தோல் சீக்கிரம் வெந்துபோகும், முழுக்கைச் சட்டையும் தொப்பியும் வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கியதும் படுக்கக்கூடாது, உணவுக்குழாய் புண்ணாகிவிடும். இருவரும் மருந்தை முடிக்கும்வரை உறவு வேண்டாம். 3 மாதம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுங்கள்.

அப்புறம், பின்னாளில் நாள் தள்ளிப்போய் ஒரு பக்கமாக வயிறு வலித்தாலோ, தலைசுற்றினாலோ, கரு குழாயில் தங்கியிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே 108-ஐக் கூப்பிடுங்கள்.